அரையாண்டுக்கு நானும் அந்த குரூப்ல சேர்ந்துக்கட்டுமாம்மான்னு பொண்ணு கேட்டா

சிஸ்டர், உங்க மெசேஜ் முழுசா படிச்சேன். நீளமா எழுதிருக்கீங்க, ஆனா கேள்வி கடைசி நாலு வரில தான் இருக்கு. பிளஸ் டூ காலாண்டுக்கு முந்தின நாள் ராத்திரி கொஸ்டின் பேப்பர் வந்த வாட்ஸ்அப் குரூப்ல இருந்து பொண்ணு தானாவே வெளிய வந்துட்டா, மேத்ஸ்ல 90க்கு 57, கூட படிக்கிற பிள்ளைங்க எல்லாம் 85க்கு மேல, இப்ப கிளாஸ்ல யாரும் சரியா பேசறதில்ல, அரையாண்டுக்கு நானும் சேர்ந்துக்கட்டுமாம்மான்னு கேக்குறா, சரின்னு சொல்லிடவா சார்னு கேட்டிருக்கீங்க.

வேணாம் சிஸ்டர். நேர்மை, நாணயம்னு கிளாஸ் எடுக்க போறேன்னு நெனைக்காதீங்க, அத உங்க பொண்ணே செஞ்சு காட்டிட்டா, பதினேழு வயசுல அந்த குரூப்ப விட்டு வர்றது சாதாரண விஷயம் இல்ல. நான் சொல்றது வெறும் கணக்கு.

காலாண்டு மார்க்க எந்த காலேஜும் கேக்காது. இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு போறது பப்ளிக் எக்ஸாம் மார்க் மட்டும் தான், மேத்ஸ் 100 அப்படியே, பிசிக்ஸ்ல பாதி, கெமிஸ்ட்ரில பாதி, மொத்தம் 200க்கு கட் ஆஃப். காலாண்டும் அரையாண்டும் எதுக்குன்னா எங்க ஓட்டை இருக்குன்னு பாக்குறதுக்கு. பேப்பர முன்னாடியே பாத்துட்டு எழுதுனா, சுகர் டெஸ்ட்டுக்கு முன்னாடி ரெண்டு நாள் பட்டினி கெடந்துட்டு ரிப்போர்ட் நார்மல்னு வீட்டுல கேசரி கிண்டுன கதை தான்.

நீங்க அனுப்புன மேத்ஸ் பேப்பர் போட்டோவ உக்காந்து பாத்தேன். போனது 33 மார்க். அதுல ஒன் மார்க்ல மட்டும் 9 போயிருக்கு, அஞ்சு மார்க் கேள்வில 15, மிச்சம் ரெண்டு மார்க் மூணு மார்க்ல 9. அஞ்சு மார்க்ல போன 15ம் எங்கன்னு பாத்தா ரெண்டே பாடம், இருபரிமாண பகுமுறை வடிவியலும் வெக்டர் இயற்கணிதமும், ரெண்டுமே புக்கோட வால்யூம் ஒன். மேட்ரிக்ஸ், காம்ப்ளக்ஸ் நம்பர்ஸ் எல்லாம் நல்லாவே போட்டிருக்கா. எத படிக்கணும்னு அவளுக்கு அக்டோபர்லயே தெளிவா தெரிஞ்சு போச்சு, 88 வாங்குன பிள்ளைக்கு தன்னோட வெக்டர் எப்படி இருக்குன்னு இன்னும் தெரியாது, மார்ச்ல அந்த ஹால்ல உக்காந்தப்புறம் தான் தெரியும், அப்ப தெரிஞ்சு என்ன பண்றது.

ஒன் மார்க்ல போன அந்த 9 தான் இருக்கறதுலயே சுலபமா திரும்ப வர்றது. மேத்ஸ் பேப்பர்ல இருபது ஒன் மார்க், பெரும்பாலும் பாடத்துக்கு பின்னாடி இருக்கறதுல இருந்து தான் வரும், கொஞ்சம் உள்ள இருந்தும் வரும், அதனால புக் பேக் கேள்விக்கு விடைய மட்டும் மனப்பாடம் பண்ணாம ஒவ்வொண்ணையும் ஏன் அந்த ஆப்ஷன்னு ஒரு வரி போட்டு பாக்க சொல்லுங்க, பன்னெண்டு பாடத்துக்கும் தினம் கொஞ்சம்னு போனா ரிவிஷன் டெஸ்ட்டுக்குள்ள முடிஞ்சிடும். மேத்ஸ்ல ஒரு மார்க் ஏறுனா கட் ஆஃப்ல முழுசா ஒரு மார்க் ஏறும், அதே ஒரு மார்க் பிசிக்ஸ்ல ஏறுனா அரை தான். ரெண்டு பேருக்கு ஒரே கட் ஆஃப் வந்தாலும் முதல்ல பாக்குறது மேத்ஸ் மார்க்க தான். அவ கிண்டி இன்ஜினியரிங் காலேஜ் வேணும்னு ஆசைப்படுறான்னு எழுதிருந்தீங்க, தாராளமா ஆசைப்படட்டும், அப்ப இந்த 33ல எவ்ளோ திரும்ப வருதுன்னு தான் பாக்கணும், பக்கத்து பெஞ்சு 88 இதுல எங்கயும் வராது.

இப்ப உங்க பக்கம் வர்றேன், கோவிச்சுக்காதீங்க. பத்தாவது வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல், பிளஸ் ஒன்ல பிரைவேட் மெட்ரிக்ல போட்டீங்க, ஃபீஸுக்கு நகை வச்சிருக்கீங்க. "அங்கயே விட்டிருந்தா 7.5 சதவீதம் கெடச்சிருக்கும், அவங்க அப்பா தினம் இதையே சொல்லிட்டு இருக்காரு"ன்னு நீங்களே எழுதிருக்கீங்க. அவர் சொல்றது தப்பில்ல, ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் அரசு பள்ளில படிச்சவங்களுக்கு 2020ல மெடிக்கலுக்கும் 2021ல இன்ஜினியரிங்குக்கும் அந்த ஒதுக்கீடு வந்துச்சு, பெண் பிள்ளைங்களுக்கு காலேஜ் போனா மாசம் ஆயிரம் ரூபா குடுக்குற புதுமைப் பெண் திட்டத்துக்கும் அதே மாதிரி கணக்கு தான். போனது போச்சு, அத இனி பேசி பிரயோஜனம் இல்ல. ஆனா அவ சாப்பிட உக்காரும்போதெல்லாம் அந்த பேச்சு காதுல விழுந்தா அவ என்ன நெனைப்பா, எனக்காக நகை போச்சு, கோட்டா போச்சு, அதுக்கு பதிலா நான் மார்க்க காட்டியே ஆகணும்னு தானே. குரூப்ல சேரட்டுமான்னு அவ கேக்குறதுல பாதி ஃப்ரெண்ட்ஸுக்காக, பாதி இதுக்காக. அப்பாட்ட சொல்லி இந்த ஒரு பேச்ச மட்டும் ஏப்ரல் வரைக்கும் நிறுத்த சொல்லுங்க.

இன்னொண்ணு, பேப்பர் குடுத்த அன்னைக்கு நீங்க கேட்ட முதல் கேள்வி "கிளாஸ்ல ஃபர்ஸ்ட் யாரு"ன்னு அவளே எனக்கு வாய்ஸ் மெசேஜ்ல சொன்னா. அரசாங்கமே 2017ல இருந்து ஸ்டேட் ஃபர்ஸ்ட், டிஸ்ட்ரிக்ட் ஃபர்ஸ்ட்னு அறிவிக்கிறத நிறுத்திடுச்சு சிஸ்டர், நம்ம சமையல்கட்டுல மட்டும் தான் இன்னும் ரேங்க் லிஸ்ட் ஓடிட்டு இருக்கு.

சரி, யாரும் பேசறதில்லங்கறது. உங்க மெசேஜ்ல ஒரே வரில முடிச்சிட்டீங்க ஆனா அவளுக்கு அதான் பெரிய விஷயம், 57 கூட அவளுக்கு அவ்ளோ வலிக்கல. இத நேரா அவகிட்டயே சொல்றேன், போன அவ கையில குடுங்க.

பாப்பா, நீ குரூப்ல இருந்து வெளிய வந்தது தப்பில்ல, ஆனா ஏன் வந்தேன்னு நீ சொல்லாததால அவங்களே ஒரு காரணம் வச்சுக்கிட்டாங்க, மிஸ் கிட்ட போட்டுக் குடுக்க தான் லெஃப்ட் ஆயிட்டான்னு. நீ யாரையும் போட்டுக் குடுக்கல, அது உனக்கு தெரியும், அவங்களுக்கு தெரியாது. எல்லார்ட்டயும் போய் விளக்கம் குடுத்துட்டு திரியாத, அது இன்னும் மோசமா போகும். அந்த கூட்டத்துல உனக்கு நெருக்கமா இருந்த ஒருத்தி இருப்பால்ல, லஞ்ச்ல தனியா அவகிட்ட மட்டும் சொல்லு: "நான் யார் பேரையும் சொல்லல, சொல்லவும் மாட்டேன், எனக்கு பேப்பர் முன்னாடியே தெரிஞ்சா அதுக்கப்புறம் புக்க தொடவே தோணாது, அதான் வந்துட்டேன்." இவ்ளோ தான். நீங்க எல்லாம் தப்பு பண்றீங்கங்கற மாதிரி ஒரு வார்த்தை கூட வேணாம். அவ அத மத்தவங்க கிட்ட கொண்டு போவா, கிளாஸ்ல எந்த விஷயம் தான் போகாம இருக்கு.

அந்த பிள்ளைங்கள எல்லாம் ஏமாத்துக்காரங்கன்னு மனசுல முத்திரை குத்தி வைக்காத. பேரன்ட்ஸ் மீட்டிங்ல மார்க்க எல்லார் முன்னாடியும் வாசிப்பாங்க, வீட்டுல அடி விழும், போன பிடுங்குவாங்க, அந்த பயத்துல தான் ராத்திரி பதினொரு மணிக்கு அந்த போட்டோவ ஜூம் பண்ணி பாக்குறாங்க. உனக்கும் அதே பயம் இருந்துச்சு, நீ வேற மாதிரி முடிவு எடுத்த. ஒரு விஷயம் யோசிச்சு பாரு, 85க்கு மேல வாங்குன எல்லாரும் பாத்து எழுதுனவங்கன்னு உனக்கு எப்படி தெரியும்? குரூப்ல இருந்தும் திறந்து பாக்காதவங்க, பாத்தும் குழம்பிப் போனவங்க கண்டிப்பா இருப்பாங்க, வெளிய சொல்ல மாட்டாங்க. உனக்கு மொத்த கிளாஸும் திரும்ப வேணாம், கூட உக்காந்து சாப்பிட ஒருத்தி ரெண்டு பேர் போதும், அது வர கொஞ்ச நாள் ஆகும், அந்த கொஞ்ச நாள் கஷ்டமா தான் இருக்கும், இல்லன்னு நான் பொய் சொல்ல மாட்டேன்.

உனக்கு மேட்ரிக்ஸ் நல்லா வருது. யாராவது டவுட் கேட்டா சொல்லிக் குடு, கேக்காட்டியும் "இந்த சம் நான் போட்டேன், ஸ்டெப் சரியான்னு பாரேன்"னு நீயே போய் உக்காரு. "படிப்ஸ் சீன் போடுது"ன்னு ரெண்டு பேர் சொல்லுவாங்க, சொல்லட்டும். வெக்டர் நல்லா வர்ற ஒருத்தர்ட்ட போய் நீ கேளு, அது இன்னும் நல்லது, உதவி கேக்குறவள யாரும் திமிரு பிடிச்சவன்னு சொல்ல மாட்டாங்க.

ஒரு எல்லை மட்டும் மனசுல வச்சுக்கோ. ஹாலுக்கு வெளிய எவ்ளோ வேணா சொல்லிக் குடு, ஹாலுக்குள்ள எதுவும் இல்ல. பப்ளிக்ல ஒரு ரூமுக்கு இருபது பேர், ரிஜிஸ்டர் நம்பர் வரிசைல உக்கார வைக்கறதால பக்கத்துல உன் கிளாஸ் பிள்ளைங்களே தான் பெரும்பாலும் இருப்பாங்க, ஒன் மார்க் மட்டும் காட்டுடின்னு கேப்பாங்க. மாட்டுனா காட்டுனவளும் பாத்தவளும் ரெண்டு பேரும் தான் மாட்டுவாங்க. அத அன்னைக்கு ஹால்ல வச்சு மறுத்தா சண்டை மாதிரி ஆயிடும், அதனால ஜனவரிலயே சிரிச்சுக்கிட்டே சொல்லி வச்சிடு, "எனக்கு ஹால்ல கை நடுங்கும்டி, என்னைய நம்பாத, இப்பவே வா சொல்லித் தர்றேன்"னு.

போன திரும்ப அம்மாட்ட குடு.

சிஸ்டர், ஸ்கூல்ல சொல்லணுமான்னு கேட்டிருந்தீங்க. சொல்லணும், ஆனா பொண்ணு வழியா வேணாம், நீங்களோ அப்பாவோ நேர்ல போய் பிரின்சிபல பாருங்க, எந்த பிள்ளை பேரும் சொல்லாதீங்க, குரூப் ஸ்கிரீன்ஷாட்டும் காட்டாதீங்க. "காலாண்டு பேப்பர் முந்தின நாளே வெளிய இருந்துச்சு, அரையாண்டுக்கு அப்படி ஆகாம பாத்துக்கோங்க" அவ்ளோ தான். ஏன்னா கொஸ்டின் பேப்பர் பூட்டுன பீரோல இருந்து பிள்ளைங்க கைக்கு தானா வராது, நடுவுல பெரியவங்க யாரோ இருக்காங்க. 2022 பிப்ரவரில பத்தாவது, பிளஸ் டூ ரிவிஷன் டெஸ்ட் பேப்பர் முன்னாடியே சோஷியல் மீடியால சுத்துச்சே, அப்பவும் விசாரணை திருவண்ணாமலை பக்கம் பிரைவேட் ஸ்கூல்ஸ் மேல தான் போச்சு. பெரியவங்க விட்ட ஓட்டைய அடைக்கற வேலைய ஒரு பிளஸ் டூ பொண்ணு தலைல வைக்க கூடாது. ஸ்கூல்ல கண்டுக்கலன்னா 14417, கல்வித்துறை ஹெல்ப்லைன், அங்க சொல்லலாம்.

ராத்திரி தூக்கம் இல்ல, காலைல ஸ்கூல் கெளம்பவே அழறா, சாப்பாடு குறைஞ்சிடுச்சுன்னு இருந்தா மார்க் பேச்சையே ஓரமா வைங்க. 14416ன்னு டெலி மனஸ் நம்பர், மனசு கஷ்டத்துக்கு பேசுற அரசாங்க ஹெல்ப்லைன், காசு கெடையாது, எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், அவளே கூப்பிட்டு பேசட்டும், பக்கத்துல நின்னு கேக்காதீங்க.

அரையாண்டுல 57 அப்படியே 80 ஆயிடும்னு எதிர்பாக்காதீங்க. அரையாண்டுக்கு வால்யூம் டூவும் சேந்து வரும், போர்ஷன் ஜாஸ்தி, 60, 62 வந்தா கூட நான் சந்தோஷப்படுவேன், ஒன் மார்க்ல 9 போனது 4 ஆயிருக்கா, வெக்டர்ல ஒரு அஞ்சு மார்க்காவது முழுசா போட்டிருக்காளா, அத தான் பாப்பேன். பேப்பர் குடுத்ததும் மார்க்க மட்டும் டைப் பண்ணி அனுப்பாதீங்க, மேத்ஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி மூணையும் பக்கம் பக்கமா போட்டோ எடுத்து அனுப்புங்க, வெளிச்சமா எடுங்க, போன தடவ அனுப்புனதுல நாலாவது பக்கம் மங்கலா இருந்துச்சு.