உருளைச் செடி தளதளன்னு இருக்கு, கிழங்க காணோம்!

கேள்வி: அக்கா, சமையல்கட்டுல முளை விட்டுக் கெடந்த உருளைக்கிழங்க மார்ச் மாசம் மாடில குரோ பேக்ல நட்டேன். செடி என்னமோ காடு மாதிரி வந்துச்சு, ஆனா கொட்டிப் பாத்தா கோலிக்குண்டு சைஸ்ல நாலஞ்சு தான். வாராவாரம் எரு, பஞ்சகவ்யா எல்லாம் குடுத்தேனே? (மதுரை வாசகி)

பதில்: ரெண்டு விஷயம் சேர்ந்து கவுத்துடுச்சுங்க. முதல்ல மாசம். உருளை கிழங்கு வைக்கணும்னா ராத்திரி குளிரணும், ராத்திரி வெப்பம் 20 டிகிரிக்கு கீழ இருந்தா நல்லா வைக்கும், அதுக்கு மேல ஏற ஏற செடி தயாரிக்கிற சாப்பாடெல்லாம் இலைக்கும் தண்டுக்கும் தான் போகும், கிழங்குக்கு எறங்காது. ஊட்டில மூணு போகம் எடுக்குறாங்கன்னா அந்த ராத்திரிக்காகத்தான். மதுரைல மார்கழிலயே 20-ஐ ஒட்டித்தான் இருக்கும், மார்ச்ல நட்டா எப்படி? ரெண்டாவது, எரு, பஞ்சகவ்யான்னு வாராவாரம் தழைச்சத்த (நைட்ரஜன்) ஊத்தினீங்க பாருங்க, ஏற்கனவே இலை போட்டுட்டு இருந்த செடிக்கு அது இன்னும் தெம்பாயிடுச்சு.

நவம்பர்ல அடைமழைக்கு நடுவுல வெயில் விடுற சமயமா பாத்து நடுங்க. பை 15 இஞ்சுக்கு குறையக் கூடாது, ஆனா முழுசா ரொப்பிடாதீங்க, மூணுல ஒரு பங்கு மண்ணு போதும். செடி ஒரு சாண் வளந்ததும் நுனி இலை மட்டும் வெளிய தெரியிற மாதிரி தண்ட சுத்தி மண்ணப் போட்டு மூடுங்க, திரும்ப வளரும், திரும்ப மூடுங்க. நட்ட கிழங்குக்கு மேல இருக்குற தண்டுலேர்ந்து தான் புதுக் கிழங்கு வரும், அதான் இந்த மண் அணைக்கிற வேல. மூடாம விட்டா கிழங்கு வெயில் பட்டு பச்சையாயிடும், அத சமைக்காதீங்க, விஷம். 80, 90 நாள்ல இலை மஞ்சளாகி சாய ஆரம்பிக்கும், தண்ணிய நிறுத்திட்டு பத்து நாள் கழிச்சு கொட்டிப் பாருங்க. மூட்டை மூட்டையா வராது, சொல்லிட்டேன், ஒரு பொரியலுக்கு வந்தாலே பெருசு. கிழங்கு தான் வேணும்னா சர்க்கரைவள்ளிக் கொடிய ஒரு முழம் வெட்டி நட்டு விடுங்க, நம்ம வெயில் அதுக்கு பிரச்சனையே இல்ல.

கேள்வி: கடைல வாங்குன உருளைய நடலாமா? (திருச்சி)

பதில்: நடலாம். ஆனா குளிர் கிடங்குலேர்ந்து வந்ததா இருக்கலாம், உடனே முளைக்காது. நிழலா, காத்தோட்டமா வெச்சு முளை வரட்டும். பெருசா இருந்தா ஒரு துண்டுக்கு ரெண்டு மூணு கண்ணு (முளை வர்ற குழி) இருக்குற மாதிரி வெட்டி, வெட்டுன வாய் ரெண்டு நாள் காஞ்சப்புறம் நடுங்க, ஈரத்தோட நட்டா அழுகிடும்.

கேள்வி: சுரைக்காய் பிஞ்சு விட்டு விட்டு கருகி விழுதுங்க, உரம் பத்தலையா? (சென்னை, மொட்டை மாடி)

பதில்: உரத்த விடுங்க, மகரந்தம் சேரல. மொட்டை மாடிக்கு பூச்சி வர்றது கம்மி தானே. சுரை வெள்ளைப் பூ சாயங்காலம் தான் விரியும், நீங்க காலைல தண்ணி ஊத்த போறப்ப பாத்தா வாடிப் போயிருக்கும். ஆறு மணிக்கு மேல போங்க, பின்னாடி குட்டிச் சுரை இல்லாம வெறும் காம்போட இருக்குறது ஆண் பூ, அதப் பறிச்சு இதழக் கிள்ளிட்டு பெண் பூ நடுவுல மெல்ல தடவி விடுங்க. பூசணி, பரங்கிக்கும் இதே வேல தான், ஆனா அது காலைப் பூ, வெயிலுக்கு முன்னாடி போகணும்.

கேள்வி: பால்கனில ரெண்டு மணி நேரம் தான் வெயில் வருது, தக்காளி வருமா?

பதில்: வராது. புதினாவும் கற்பூரவல்லியும் வைங்க.