கலிபோர்னியாவில் கொல்லைக் கஞ்சா: மாநிலம் விட்டாலும் கவுண்டி விடுமா?

கேள்வி: 21 வயதானவர் ஆறு செடி வளர்க்கலாம் என்பதுதானே மாநிலச் சட்டம்? எங்கள் சிட்டி கொல்லையில் ஒன்றுகூட வைக்கக் கூடாது என்கிறது. இது செல்லுமா சார்?

பதில்: செல்லும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்காத கதைதான். இங்கே அதைச் சட்டமாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். 2016 நவம்பரில் வாக்காளர்கள் நிறைவேற்றிய 64ஆம் முன்மொழிவின்படி, வீட்டுக்குள் வளர்ப்பதற்குச் சிட்டியோ கவுண்டியோ (நம்மூர் மாவட்டம் மாதிரி) நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம், அடியோடு தடுக்க முடியாது. திறந்தவெளிக்கு முழுத் தடையே போடலாம். நாலு பக்கமும் கூரையும் மூடி, பூட்டுப் போட்ட ஷெட் இருந்தால் அது ‘வீட்டுக்குள்’ கணக்கு. மேலே வலை மட்டும் கட்டிய பந்தல் அதில் சேராது.

கேள்வி: வீட்டில் பெரியவர்கள் மூன்று பேர். 18 செடி வைக்கலாமா?

பதில்: கூடாது. ஆறு என்பது வீட்டுக்கு, ஆளுக்கல்ல. நாற்றும் எண்ணிக்கையில் வரும். செடிகளும், 28.5 கிராமுக்கு மேற்பட்ட விளைச்சலும் பூட்டிய இடத்தில் இருக்க வேண்டும். தெருவில் நிற்பவரின் வெறுங்கண்ணுக்குத் தெரியக் கூடாது. ஏப்ரலில் வேலிக்குள் அடங்கியிருந்த செடி செப்டம்பரில் வேலிக்கு மேல் தலையை நீட்டும். புகார் வருவது அப்போதுதான்.

கேள்வி: வியாபாரத்துக்கு வளர்க்க ஐந்து ஏக்கர் பார்த்திருக்கிறோம். எங்கே ஆரம்பிப்பது?

பதில்: முன்பணம் கொடுக்கும் முன் கவுண்டி திட்ட அலுவலகத்துக்குப் போங்கள். அந்த மனையின் மண்டல வகையில், அதாவது எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற பிரிவில், கஞ்சா சாகுபடிக்கு இடமுண்டா என்று கேளுங்கள். உள்ளூர் விதிக்கு முரணான இடத்துக்கு மாநில லைசென்ஸ் கிடைக்காது. கணக்கு ஏக்கரில் இல்லை. செடிகள் நிற்கும் பரப்பில். ‘சிறு’ திறந்தவெளி லைசென்ஸ் 5,001 முதல் 10,000 சதுர அடி வரை. பள்ளி, குழந்தைகள் காப்பகம், இளைஞர் மையம் ஆகியவற்றிலிருந்து 600 அடி தள்ளியிருக்க வேண்டும். இந்தத் தூரத்தை உள்ளூர் நிர்வாகம் மாற்றிக்கொள்ளலாம்.

பலர் தடுக்கி விழுவது தண்ணீரில். ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 31 வரை ஓடையிலிருந்து நீர் எடுக்கக் கூடாது. செடி குடிக்கும் காலமே அதுதான். எனவே மழைக்காலத்திலேயே தொட்டியில் சேமித்தாக வேண்டும். வற்றாத ஓடை என்றால் 150 அடி விலகியே பயிரிட வேண்டும்.

கேள்வி: அறுத்ததைக் காயவைத்து இலை கழிக்கத் தனி லைசென்ஸ் வேண்டுமா?

பதில்: உங்கள் விளைச்சல் மட்டும் என்றால், சாகுபடி வளாக வரைபடத்தில் அந்த இடத்தைக் குறித்துக் காட்டினால் போதும். அடுத்தவர் சரக்கு என்றால் பதப்படுத்துநர் லைசென்ஸ் வேண்டும். அந்த லைசென்ஸை வைத்துச் செடி வளர்க்க முடியாது. சாறு பிரித்தெடுப்பது சாகுபடியல்ல, உற்பத்திக் கணக்கு. சாகுபடியை அனுமதிக்கும் கவுண்டி, அதே மண்டலத்தில் இதை மறுக்கலாம். வீட்டில் பியூட்டேன் வாயுவை வைத்துச் சாறு எடுப்பது குற்றம். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும். வெடிக்க ஃபிரிட்ஜ் மோட்டாரின் ஒரு பொறி போதும்.

கேள்வி: நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். ஆறு செடிதானே, பரவாயில்லையா?

பதில்: தொடாதீர்கள். கூட்டரசுச் சட்டத்தில் இது இன்னும் குற்றம். குடியேற்றத் துறை பார்ப்பது அதைத்தான். லைசென்ஸ் பெற்ற பண்ணையில் வேலை பார்ப்பதுகூடக் குடியுரிமை விண்ணப்பத்தைப் பாதிக்கலாம் என்று 2019இலேயே அந்தத் துறை அறிவித்துவிட்டது.