செல்போனை மட்டும் அசையாமல் பார்க்கிறானே, டாக்டர்?

கேள்வி: என் மகனுக்கு 8 வயது, மூன்றாம் வகுப்பு. வகுப்பில் ஒரு இடத்தில் உட்காருவதில்லை, பென்சில், டிபன் பாக்ஸ் என்று தினமும் எதையாவது தொலைத்துவிட்டு வருகிறான். ஏடிஹெச்டி (கவனக் குறைவும் அளவுக்கு மீறிய துறுதுறுப்பும் சேர்ந்த குறைபாடு) என்று மனநல மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனால் செல்போனைக் கொடுத்தால் இரண்டு மணி நேரம் அசைவதில்லை! நான் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேன் என்கிறார் மாமியார். மாத்திரை கொடுக்கவும் பயமாக இருக்கிறது.
- ஒரு வாசகி, பொள்ளாச்சி

பதில்: செல்லத்தால் வருவதல்ல அம்மா இது. பெரும்பாலும் பரம்பரையாக வருவது. மாமியாரிடமே, உங்கள் பிள்ளை மூன்றாம் வகுப்பில் எப்படி இருந்தார் என்று மெல்லக் கேட்டுப் பாருங்கள், சில வீடுகளில் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

செல்போன் சந்தேகம் எல்லோருக்கும் வருவதுதான். அதில் நொடிக்கு நொடி ஏதாவது புதிதாக வருகிறது, விரலால் தொட்டவுடன் பலன் கிடைக்கிறது. வாய்ப்பாடு எழுதுவதில் அது இல்லை. இவனுக்குக் கவனமே கிடையாது என்பதல்ல, சலிப்பான வேலையில் அதைப் பிடித்து நிறுத்த முடியவில்லை, அவ்வளவுதான். அதனால்தான் முழுப் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினால் சைக்கிள் என்பது இவனிடம் எடுபடாது, ஏப்ரல் மாதம் அவனுக்கு ரொம்பத் தூரம். பத்து நிமிடம் எழுதினானா, அந்த நிமிடமே பாராட்டுங்கள், ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள், ஐந்து நிமிடம் ஓடிவிட்டு வரட்டும். சமையலறையிலிருந்து "குளி, யூனிஃபார்ம் போடு, பையை எடு" என்று கத்தினால் மூன்றில் ஒன்றுகூட நடக்காது. பக்கத்தில் போய், தோளைத் தொட்டு, ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்.

டீச்சரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். முன் பெஞ்சில், ஜன்னலை விட்டுத் தள்ளி உட்கார வைக்கச் சொல்லுங்கள், போர்டு துடைப்பது, நோட்டு அடுக்குவது மாதிரி வேலைகளைக் கொடுத்தால் எழுந்து நடக்க அவனுக்கு ஒரு சாக்கு கிடைக்கும். தண்டனையாக பி.டி. பீரியடை மட்டும் பிடுங்கக் கூடாது, என்னைக் கேட்டால் அவனுக்கு மிகவும் தேவையான பீரியடே அதுதான்.

மாத்திரைக்கு வருவோம். ஏடிஹெச்டிக்குப் பொதுவாகக் கொடுக்கும் மெத்தில்பெனிடேட் பல பத்தாண்டுகளாகப் பயன்பாட்டில் இருக்கும் மருந்து. பசி குறையலாம், தூக்கம் தள்ளிப்போகலாம், அதனால் காலையில் நன்றாகச் சாப்பிட வைத்துவிட்டுக் கொடுக்கச் சொல்வோம், உயரம், எடை, ரத்த அழுத்தத்தை அவ்வப்போது பார்ப்போம். நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம்.

அப்புறம், காது, கண் பரிசோதனை செய்தாயிற்றா? எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறுகிறானா என்றும் கவனியுங்கள், கற்றல் குறைபாடும் சேர்ந்தே இருப்பது சகஜம், அதற்கு மாத்திரை உதவாது, தனிப் பயிற்சிதான்.