மாடல் ரயிலுக்கு ரெடிமேட் மேஜையா, ஆசாரி செய்ததா?

கேள்வி: கிருஷ்ணகிரியில் மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். 12க்கு 10 அடி அறையில் எச்ஓ அளவு (நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு) மாடல் ரயில் அமைக்க ஆசை. அதற்கான மேஜையை ரெடிமேட் கிட்டாக ஒருவர் ஆன்லைனில் விற்கிறார். அதை வாங்கலாமா, ஆசாரியை வைத்துச் செய்யலாமா?

பதில்: ஆசாரியிடமே செய்துகொள்ளுங்கள். கிட்டில் வருவதும் பிளைவுட் சட்டமும் போல்ட்டும்தான். மெஷினில் பிசிறில்லாமல் வெட்டியிருப்பார்கள், அவ்வளவே. அந்த எடையைக் கூரியரில் அனுப்பும் செலவும் உங்கள் தலையில்தான் விழும்.

எச்ஓ செட்களில் வழக்கமாக வரும் வளைவு 18 அங்குல ஆரம். ரயில் வட்டமடித்துத் திரும்ப மூன்றடி, ஓரத்துக்கு இடம் விட்டால் நாலடி. ஆக, எட்டுக்கு நாலு 12 எம்எம் பிளைவுட் ஒன்று மேல்பலகைக்கு. இன்னொன்றை நாலு அங்குலப் பட்டைகளாக அறுக்கச் சொன்னால் 11 பட்டை வரும். நீளச் சட்டத்துக்கு 2, ஒன்றேகால் அடிக்கு ஒன்றாகக் குறுக்குச் சட்டங்களுக்கு 4, மூன்றரை அடி உயரத்தில் 'எல்' வடிவக் கால்களுக்கு 4. மீதியை முட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு மேல் யாராவது பட்டியல் நீட்டினால் உஷாராகிவிடுங்கள். கிச்சன் கப்போர்டு மாதிரி சதுர அடிக் கணக்கு பேசுவார்கள், மைக்கா ஒட்டச் சொல்வார்கள். ஆசாரியே கடைக்குக் கூட்டிப்போனால் அவருடைய கமிஷனும் உங்கள் பில்லில்தான் ஏறும். பலகையைப் பற்றித் தெரியாதவர் என்று கண்டதும் கடைக்காரர், தண்ணீர் படும் இடத்துக்கான மெரைன் பிளைவுட்டைக் காட்டுவார். வீட்டுக்குள் இருக்கப்போகும் மேஜைக்கு அது எதற்கு? 12 எம்எம் என்று அச்சடித்த பலகை அளந்தால் சில சமயம் 11கூட வராது. முத்திரை மட்டும் பளிச்சென்று இருக்கும். அந்த முத்திரையை நம்பாமல் ஒரு கடையில் வந்து அளந்து பார்த்த அதிகாரியை நான் இதுவரை கண்டதில்லை. டேப்போடு நீங்களே போங்கள்.

மாம்பலகை மலிவு என்று நம் பக்கத்தில் தலையில் கட்டுவார்கள். வேண்டாம். காயாத பலகை வெயிலில் முறுக்கிக்கொண்டால் தண்டவாள இணைப்புகள் விலகும். அப்புறம் வண்டு துளைத்து மாவு கொட்டும்.

உங்களுக்கு ஒரே சிக்கல், வாடகை வீடு. பெரும்பாலான மாடிப்படித் திருப்பத்தில் எட்டடி மேஜை திரும்பாது. அதனால் நாலுக்கு நாலாக இரண்டு துண்டாகச் செய்யுங்கள். நடுவில் இரட்டைச் சட்டம் வந்தாலும் குறுக்குச் சட்டங்கள் அந்த 4 பட்டைக்குள் அடங்கிவிடும். நடுக்கால்களுக்கு மட்டும் ரீப்பர் (மரச்சட்டம்) வாங்குங்கள். இரண்டு சட்டங்களையும் கிளாம்ப் போட்டு இறுக்கிய பிறகு, ஒரே மூச்சில் இரண்டையும் சேர்த்துத் துளை போட வேண்டும். தனித்தனியாகப் போட்டால் போல்ட் சேராது. இரண்டு துண்டும் சேரும் இணைப்பின் மேல் தண்டவாளத்தை முழு நீளமாக, நேராக வையுங்கள். இணைப்புக்கு இருபுறமும் பித்தளை ஸ்க்ரூ முறுக்கி, தண்டவாளத்தை அதோடு சால்டர் வையுங்கள். அதன் பிறகே தண்டவாளத்தை நடுவில் அறுக்க வேண்டும். முதலில் அறுத்துவிட்டுப் பிறகு சேர்க்கப் பார்த்தால், வண்டி அந்த இடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் தடம் புரளும்.

திருப்பத்தூரிலிருந்து வந்த சின்ன ரயிலை வெள்ளைக்காரன் காலத்திலேயே நிறுத்தியதோடு சரி, கிருஷ்ணகிரி டவுனுக்கு ரயில் திரும்பவில்லை. உங்கள் மாடிக்காவது வரட்டும். மேஜையைச் சுவரோடு ஒட்டிப் போட்டுவிடாதீர்கள். நாலடி தாண்டிக் கை எட்டாது.