"2016 கெப்" என்றால் எந்த 2016?

கேள்வி: ஐயா, நான் களுவாஞ்சிக்குடி. வயல் படுவான்கரையில், மண்டூருக்கு அங்கால். விதைநெல், பசளை, தண்ணிப் பம்ப் ஏற்ற ஒரு டபுள் கெப் தேடுகிறேன். டொயோட்டா ஹைலக்ஸ்தான் என்று முடிவு. கல்முனையில் ஒன்று 2015, மட்டக்களப்பு டவுனில் ஒன்று 2016. இரண்டின் பதிவுப் புத்தகத்திலும் 2982 சிசி. இரண்டும் மெனுவல், இரண்டிலும் ஃபோர் வீல் லீவர் கியருக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஓட்டமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், 1,50,000 கிலோமீற்றர் சொச்சம். 2016காரர் பன்னிரண்டு லட்சம் கூடச் சொல்கிறார், "இது புது மொடல் வருசம்" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம் தம்பி. காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

ஹைலக்ஸ் மாறிய வருடம் 2015. அந்த மே மாதம் எட்டாம் தலைமுறை வெளிவந்தது, நாங்கள் "ரெவோ" என்று சொல்வது. அதற்கு முந்தியது 2004இல் தொடங்கிய "விகோ". ஆகவே 2015இல் செய்த வண்டி விகோவாகவும் இருக்கலாம், ரெவோவாகவும் இருக்கலாம். 2015இல் செய்த விகோ கப்பலேறி, துறைமுகத்திலும் ஷோரூமிலும் கிடந்து, 2016இல் நம்பர் வாங்கினால் ஊரில் அதற்குப் பெயர் "2016 கெப்". விற்கிறவர் பொய் சொன்னார் என்றும் சொல்ல முடியாது. நீங்கள் கேட்டது ஒரு வருடம், அவர் சொன்னது இன்னொரு வருடம்.

விகோவின் மூவாயிரம் என்ஜின்தான் 2982 சிசி. ரெவோவோடு வந்த புது என்ஜின்கள் இரண்டு: 2393, 2755. சில நாடுகளுக்குப் புது உடம்பில் பழைய என்ஜினும் போனது. அதனால் சிசியை மட்டும் வைத்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் ஃபோர் வீலுக்கு லீவர் நிற்கிறது என்கிறீர்களே, ரெவோவில் அந்த லீவர் கிடையாது. டாஷ்போர்டில் உருண்டைச் சுவிட்ச் ஒன்று, அதைத் திருப்ப வேண்டும். உங்கள் 2016 விகோதான். புத்தகத்தில் உற்பத்தி ஆண்டு ஒரு இடத்திலும் முதற்பதிவுத் திகதி இன்னொரு இடத்திலும் இருக்கும். இரண்டையும் பாருங்கள். நீங்கள் விற்கப் போகும் நாளில் வாங்க வருகிறவரும் அதைத்தான் பார்ப்பார்.

இதை நான் காசு கொடுத்துப் படித்தவன். பல வருடத்துக்கு முந்தி ஒரு வேனை "வருசம் புதுசு" என்று நம்பி வாங்கி, இரவு வீட்டு விறாந்தையில் டோர்ச் அடித்துப் புத்தகத்தைப் பார்த்தபோதுதான் உற்பத்தி ஆண்டு இரண்டு வருடம் முந்தியதாக நின்றது. மனைவி ஒன்றும் பேசவில்லை. அது இன்னும் மோசம்.

உண்மையான ரெவோ என்றால் கூடக் கொடுப்பதில் நியாயம் உண்டு. விகோ மூவாயிரத்தின் மெனுவலில் இழுவை 343 நியூட்டன் மீற்றர். ரெவோ 2.8 மெனுவலில் 420, ஓட்டோமெட்டிக் கியரில் 450. சின்னதென்று பலர் ஒதுக்கும் 2.4இல்கூட, கூடிய வலுவுள்ள வகை 400 இழுக்கும். பசளை மூட்டையோடு வட்டைக்குள் சேறு மிதிக்கிறவருக்கு இந்த வித்தியாசம் காலில் தெரியும். மெனுவல் கியர் ஐந்திலிருந்து ஆறானது. என்ஜினின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைப்பது விகோவில் டைமிங் பெல்ட் என்ற ரப்பர் பட்டி, ரெவோவில் செயின்.

இந்த பெல்ட்தான் உங்களுக்கு இப்போது பெரிய விசயம். விகோவின் டீசல் என்ஜினில் அதை ஒரு லட்சத்துக்கும் ஒன்றரை லட்சம் கிலோமீற்றருக்கும் இடையில் மாற்ற வேண்டும், நாட்டுக்கு நாடு கணக்கு வேறு. நேரம் வந்ததும் மீற்றர் பக்கத்தில் "டி-பெல்ட்" என்று ஒரு விளக்கு எரியும். பெல்ட்டைத் தொடாமலே அந்த விளக்கை மட்டும் அணைத்துவிடலாம் என்பது எல்லாக் கராஜ்காரருக்கும் தெரியும். எனவே விளக்கு எரியவில்லை என்பதில் ஆறுதல் இல்லை, மாற்றிய பில் எங்கே என்று கேளுங்கள். ஓடும்போது பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். அதோடு என்ஜின் இறக்க வேண்டியதுதான். பில் இல்லையென்றால் பெல்ட் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

அடுத்தது இன்ஜெக்டர், என்ஜினுக்குள் டீசலைப் பீச்சுவது. இந்த மூவாயிரத்தில் இன்ஜெக்டருக்கு அடியில் இருக்கும் செப்பு வொஷர் கசிந்தால், எரிந்த புகை உள்ளே போய் ஒயிலைத் தார்போலக் கெட்டியாக்கும். ஒயில் உறிஞ்சும் சல்லடை அடைபடும், பிறகு என்ஜினுக்கு ஒயில் ஏறாது. விடியற்காலை, என்ஜின் குளிராக இருக்கும்போது போய்ப் பாருங்கள். நீங்கள் வருமுன்னே ஸ்டார்ட் பண்ணி வைத்திருந்தால் பொனட்டில் கை வைத்தால் தெரியும். அப்படியென்றால் திரும்பி வந்துவிட்டு இன்னொரு நாள் சொல்லாமல் போங்கள். ஸ்டார்ட் ஆகும்போது டக்-டக் என்று சத்தம், ஒயில் மூடியின் அடியில் கட்டிக் கரி, இந்த இரண்டும் இருந்தால் மெக்கானிக் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

எங்கள் பக்கத்து வண்டிக்கு இன்னொரு சோதனை உண்டு, வெள்ளம். 2024 நவம்பர் வெள்ளத்தில் எத்தனை வண்டி நின்றது என்று உங்களுக்கே தெரியும். சீட் பெல்ட்டை முடிவு வரை இழுத்துப் பாருங்கள். கழுவுகிறவர்கள் சீற்றைக் கழுவுவார்கள், பெல்ட்டின் அடிப்பாகத்தைக் கழுவ மாட்டார்கள். அங்கே மண்ணிறத்தில் ஒரு கோடு தெரிந்தால் தண்ணீர் எந்த மட்டத்துக்கு ஏறியது என்று அதுவே சொல்லும். சேஸிஸில் அடித்த நம்பர் முன் வலது சில்லுப் பக்கம் இருக்கும். கம்பித் தூரிகையால் துருவைத் தட்டிவிட்டுப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள்.

ரெவோவுக்கே போகலாம் என்று மனம் மாறினால் ஒன்றைக் கேட்டு வையுங்கள், புகைக்குழாயில் டீபிஎஃப் என்ற, டீசல் புகையின் கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டா என்று. ஆஸ்திரேலியாவில் 2015 ஒக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை விற்ற ஹைலக்ஸ், பிராடோ, ஃபோர்ச்சூனர் டீசல் வண்டிகளின் இந்த வடிகட்டி அமைப்பில் குறை உண்டு என்று 2022இல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அது இருக்கிற வண்டி, பிடித்த கரியை எரித்துக்கொள்ள நீண்ட ஓட்டம் கேட்கும். வீட்டிலிருந்து குருமண்வெளித் துறைவரை ஓடி, இயந்திரப் பாதையில், அதாவது வண்டி ஏற்றும் படகில் ஏறி, அக்கரையில் வயலுக்கு இறங்கும் உங்கள் ஓட்டம் அதற்குப் பத்தாது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தியதிலிருந்து பழைய வண்டிக்காரருக்குத்தான் ராஜயோகம். 2025 பெப்ரவரியில் திறந்த பிறகும் பழைய நினைப்பில் விலை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கல்முனை வண்டிக்கு பெல்ட் பில் இருந்தால் நான் அதைத்தான் எடுப்பேன். மட்டக்களப்புக்காரர் பன்னிரண்டு லட்சத்தையும் விட்டு இறங்கி வந்தால், இரண்டில் எது சுத்தம் என்று பாருங்கள். புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் உரிமையாளராக நின்றால், அது நீங்கும்வரை முழுக்காசு கொடுக்க வேண்டாம்.

கேள்வி: திருக்கோவிலில் இருந்து. மச்சான் டொரொன்டோவில் பழைய ஃபோர்ட் எஃப்-150 கெப் ஒன்று எடுக்கப் போகிறார். 2014ஆ, 2015ஆ என்று கேட்கிறார். பிறகு இங்கே கொண்டு வரலாமா?

பதில்: அங்கே ஓட்டுவதென்றால் 2015. அந்த வருடம் உடம்பை இரும்பிலிருந்து அலுமினியத்துக்கு மாற்றினார்கள், 700 இறாத்தல் வரை, நம் கணக்கில் 318 கிலோ வரை எடை குறைந்தது. பனிக்கு வீதியில் உப்புக் கொட்டும் ஊரில் கதவும் பெட்டியும் துருப்பிடிக்காதது பெரிய லாபம். ஆனால் அடியில் இருக்கும் சட்டம் இன்னும் இரும்புதான், அதை ஸ்க்ரூ ட்ரைவரால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அடிபட்ட அலுமினியத்தைத் தட்டி எடுக்கப் பழகிய கராஜ் பக்கத்தில் உண்டா என்பதையும் விசாரிக்கட்டும். அங்கே மொடல் வருடம் முன்கூட்டியே ஓடும், 2015 மொடல் 2014 கடைசியிலேயே விற்பனைக்கு வந்துவிட்டது.

இங்கே கொண்டுவரும் எண்ணத்தை விட்டுவிடச் சொல்லுங்கள். இடது பக்க ஸ்டியரிங் வண்டியைச் சாதாரணமாக இங்கே பதிய முடியாது. பதிந்தாலும், கண்ணாடி தவிர்த்தே இரண்டு மீற்றருக்கு மேல் அகலம். உங்கள் ஒழுங்கையில் எதிரே ஒரு உழவு இயந்திரம் வந்தால் யார் பின்னால் போவது?