மேசையில் கிடக்கும் பிரம்பு

கேள்வி: காந்தி சிலையடியில் ஐந்து மாணவர்களைக் கொன்ற இந்தத் திருகோணமலையில் இருந்துகொண்டு மாதம் தவறாமல் அகிம்சை எழுதுகிறீர்கள். 1961இல் தமிழ்மொழி உரிமை கேட்டுச் சத்தியாக்கிரகம் இருந்து கண்டது என்ன? நான் ரியூசன் வகுப்பு நடத்துகிறேன். மேசையில் ஒரு பிரம்பு கிடக்காவிட்டால் வகுப்பே நடக்காது. அன்றாட வாழ்க்கையில் அகிம்சை என்பது கையாலாகாதவர்களின் பேச்சுத்தானே?

– ஓர் ஆசிரியர், உவர்மலை

பதில்: தம்பி, கோபமாக எழுதியிருக்கிறீர்கள், அதில் எனக்கு வருத்தமில்லை. காந்தி சிலையடியிலிருந்தே தொடங்குவோம், அதைச் சுற்றிக்கொண்டு போக எனக்கும் மனமில்லை. 2006 ஜனவரி 2. கடற்கரையில் உட்கார்ந்து கதைத்துக்கொண்டிருந்த பிள்ளைகள், எல்லோரும் இருபது வயதை ஒட்டியவர்கள். 2019 ஜூலையில், குற்றம் சாட்டப்பட்டிருந்த 13 பேரையும் இங்குள்ள நீதவான் நீதிமன்றம் விடுவித்தது. சரி, இதில் கையாலாகாதவர் என்று யாரைச் சொல்கிறீர்கள்? கொல்லப்பட்ட பிள்ளை ஒருவரின் தகப்பன், நாட்டை விட்டே போகவேண்டி வந்த பிறகும், ஜெனீவா வரை போய் நீதி கேட்டார். கல்லை எடுக்கவில்லை, வாயை மூடவும் இல்லை. நான் அகிம்சை என்று எழுதுவது இதைத்தான். அடிக்கிறவன் அடிக்கட்டும், நாம் பேசாமல் இருப்போம் என்று இந்தப் பக்கத்தில் ஒருநாளும் எழுதியதில்லை. அதன் பெயர் பயம்.

61ஐப் பற்றிக் கேட்டீர்கள். பெப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரி, அதாவது மாவட்ட அரச செயலகத்தின் வாசலில் தொடங்கி, திருமலைக் கச்சேரிக்கும் வந்த சத்தியாக்கிரகம், ஏப்ரலில் அவசரகாலச் சட்டத்தைப் போட்டு இராணுவத்தைக் கொண்டு முடித்துவைக்கப்பட்டது. கேட்டது கிடைக்கவில்லை, உண்மை. பிறகு வந்த ஆயுதப் போராட்டமும் கேட்டதை வாங்கித் தரவில்லை. ஆனால் இரண்டும் நம் வீடுகளில் விட்டுப்போனவை வேறு வேறு. ஆயுத காலம் நமக்கு ‘துரோகி’ என்ற சொல்லைக் கைக்குப் பழக்கிவிட்டுப் போனது. ஒருவரைச் சுடுவதற்கு முன் அந்தப் பெயரை வைப்பார்கள். பெயர் வைத்தாயிற்று என்றால் அயலவர்கள் செத்த வீட்டுக்குப் போகவும் தயங்குவார்கள். துவக்குகள் போய்ப் பல வருடமாகிவிட்டது, சொல் போகவில்லை, 2009இல் போர் முடிந்த பிறகு பிறந்த பிள்ளைகள் விளையாட்டில் சண்டை வந்தால் அதே சொல்லால் ஒருவனையொருவன் கூப்பிடுவதை என் காதால் கேட்டிருக்கிறேன். அப்புறம், சிங்கள, முஸ்லிம் சமூகங்களைப் பற்றி நாம் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் சர்வசாதாரணமாகச் சொல்கிற சொற்கள். அவற்றை இங்கே எழுதத் தேவையில்லை, உங்களுக்கும் தெரியும், அந்த வீடுகளிலும் நம்மைப் பற்றி அப்படி ஒன்று இருக்கும்.

இப்போது உங்கள் பிரம்புக்கு வருகிறேன்.

போன மாதம் என் அக்காவின் பேரன், எட்டு வயது, என் மேசையில் இருந்த தண்ணீர்ப் போத்தலைத் தட்டிவிட்டான். அச்சுக்குப் போகவேண்டிய தாள்கள் முழுக்க நனைந்துவிட்டன. நான் சட்டென்று எழும்பினேன், தாள்களை எடுக்கத்தான், ஆனால் கோபமும் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. அதற்குள் அவன் இடது முழங்கையைத் தூக்கிக் காதை மூடி, தோளுக்குள் தலையை இழுத்துக்கொண்டு, கண்களை இறுக்கிக்கொண்டான். ஒரு சொல் பேசவில்லை. அந்த முழங்கை எவ்வளவு துல்லியமாக, எவ்வளவு விரைவாகப் போய் அந்த இடத்தில் நின்றது என்பதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. ஒரு தடவை அடி வாங்கிய பிள்ளைக்கு அது வராது, பல நாள் பழகியிருக்க வேண்டும். தாள்களை விட்டுவிட்டு அவனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன், கை கீழே இறங்க நல்ல நேரம் எடுத்தது.

2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கொடுத்தது, வாசித்திருப்பீர்களோ தெரியாது. ஆசிரியர் ஒருவர் அறைந்ததில் காது பாதிக்கப்பட்ட மாணவனின் வழக்கு. அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை, அதாவது சித்திரவதைக்கும் இழிவான நடத்தைக்கும் எதிரான அதே உறுப்புரை, மீறப்பட்டிருக்கிறது என்று நீதிமன்றம் சொன்னது. பொலிஸ் நிலையத்தில் நம் பிள்ளையை அடித்தால் நாம் தேடி ஓடுகிற அதே சட்டம்தான் வகுப்பறைக்கும். ஆனால் நாமோ அடியாத மாடு பணியாது என்றும், அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்றும் சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள்.

சமாதானக் கலாசாரம் என்றதும் ஐ.நா. பதாகையும் வெள்ளைப் புறாவும் ஞாபகம் வந்து உங்களுக்குச் சலிப்பு வரும். 1999 செப்டம்பர் 13இல் பொதுச்சபை நிறைவேற்றிய பிரகடனம் போர்நிறுத்தத்தோடு நிற்கவில்லை, பெண்களின் சமத்துவம், மனித உரிமை, கல்வி எல்லாவற்றையும் அதற்குள் கொண்டுவந்து, மனிதர்களின் நடத்தையையும் வாழ்க்கை முறையையும்தான் கலாசாரம் என்றது. நமக்கு இது புதிதும் இல்லை. கரையில் நின்று இழுக்கிற கரைவலைக்கென்று ஒதுக்கிய இடத்தை, அதாவது கரைவலைப் பாட்டைப் பாருங்கள், அங்கே இன்றைக்கு யார் வலை வைப்பது, நாளைக்கு யார் என்று முறை இருக்கிறது. மீன் கூட்டம் கண்ணுக்கு முன்னால் கரையோடு போகும், பொறுக்க முடியாத ஆசை வரும், ஆனாலும் முறை இல்லாதவன் வள்ளத்தைத் தள்ளமாட்டான். அந்த மனிதர்கள் எல்லோரும் சாந்தசொரூபிகள் என்று நான் சொல்லவரவில்லை, வாய்ச்சண்டை தாராளமாக நடக்கும். சண்டை கைக்குப் போகாமல் இருக்க ஓர் ஏற்பாட்டைச் செய்துவைத்து, அதை ஒவ்வொரு நாளும் கடைப்பிடிக்கிறார்கள், அவ்வளவுதான்.

2006 ஏப்ரல் 12, புதுவருடத்துக்கு முன்னால், நம் ஊர்ச் சந்தையில் குண்டு வெடித்து, அதன் பின்னால் கடைகள் எரிந்தபோது, கையில் தடியோடு ஓடியவர்களும் யாரோ பெற்று, யாரோ படிப்பித்த பிள்ளைகள்தான். அப்படி ஒரு நாளில் நின்று, இனி அகிம்சையைப் பழகுவோம் என்று யாரும் தொடங்க முடியாது. அதனால்தான் உங்கள் வகுப்பைப் பற்றி இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

ஒன்று கேட்கிறேன், தம்பி. வரும் தவணை முழுக்க அந்தப் பிரம்பை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். முதல் இரண்டு கிழமை வகுப்பு இரைச்சலாகத்தான் இருக்கும், குழப்படி செய்கிறவனை வெளியே கூட்டிக்கொண்டு போய்த் தனியாகக் கதைக்க நேரம் போகும், பாடமும் பிந்தும். தவணை முடிய எனக்கு எழுதுங்கள். சரிவரவில்லை என்று எழுதினாலும் ஒரு வரி வெட்டாமல் இதே பக்கத்தில் போடுகிறேன்.