பிடி மணலில் இருப்பதைப் படிவத்தில் எழுத முடியுமா?

கேள்வி: கோவையில் பம்பு உறுப்புகள் வார்க்கும் ஃபவுண்டரி ஒன்றில் 26 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். சென்ற ஆண்டு எங்கள் நிறுவனத்தை ஒரு ஜெர்மன் நிறுவனம் வாங்கிவிட்டது. தெரிந்த வேலை நுணுக்கங்களையெல்லாம் எழுதித் தரச் சொல்லி இப்போது ஆளுக்கொரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் அங்கிருந்து இரண்டு பொறியாளர்கள் வந்து ஆறு வாரம் தங்கப்போகிறார்கள். "எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் நாளைக்கு நாம் எதற்கு?" என்கிறார்கள் உடன் வேலை செய்பவர்கள். ஆடிக் காற்று அடிக்கும் நாளில் மோல்டு (வார்ப்பு அச்சு) செய்யும் மணலுக்கு எவ்வளவு தண்ணீர் கூட்ட வேண்டும் என்பது என் கைக்குத்தான் தெரியும். சொல்லட்டுமா, மறைக்கட்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: மறைக்காதீர்கள். ஆனால் அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்ததோடு ஒதுங்கியும் விடாதீர்கள்.

உங்கள் பயம் வீண் பயமல்ல. நான் முன்பு வேலை பார்த்த நிறுவனமும் இப்படித்தான் கைமாறியது. அங்கே மூத்த ஃபிட்டர் ஒருவர் தம் குறிப்பேட்டைக் கடைசிவரை யாருக்கும் காட்டவில்லை. அவர் ஓய்வு பெற்ற பிறகு ஒரு இயந்திரம் பழுதாகி நான்கு நாள் நின்றது. அப்போதும் அவரைத் தேடி யாரும் போகவில்லை. இயந்திரம் பழசு என்று சொல்லிப் புதிது வாங்கிவிட்டார்கள். முப்பது ஆண்டு அனுபவம் அந்தக் குறிப்பேட்டோடு அவர் வீட்டுப் பரணில் கிடக்கிறது. இன்றும் நினைத்தால் மனம் கனக்கிறது.

மணலுக்கு வருவோம். ஈரம் இத்தனை சதவீதம் என்று படிவத்தில் எழுதிவிடலாம். ஒரு பிடி மணலை இறுக்கி, இரண்டாக உடைத்து, விளிம்பு உதிராமல் நிற்கிறதா, உள்ளங்கையில் ஒட்டுகிறதா என்று பார்க்கிறீர்களே, அதை எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்? ஈரம் மிஞ்சினால் வார்ப்பில் காற்றுத்துளை விழும். குறைந்தால் மோல்டு உதிரும். ஈரம் அளக்கும் கருவி அவர்களிடமும் இருக்கும். ஆனால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மதியத்தில், காலையில் அளந்த அளவு செல்லாது என்பதைப் பக்கத்தில் நின்று பழகியவர்தான் அறிவார்.

2010-ல் சீனாவின் ஜீலி, ஸ்வீடனின் வோல்வோ கார் நிறுவனத்தை ஃபோர்டிடமிருந்து வாங்கியது. பணம் ஜீலியிடம் இருந்தது. பல பத்தாண்டுத் தொழிலறிவு வோல்வோவிடம் இருந்தது. உங்கள் நிலைமையும் ஏறக்குறைய அதுதான். வோல்வோவின் தலைமையகம் கோதன்பர்க்கை விட்டு நகரவில்லை. 2013-ல் அதே ஊரில், இரு நிறுவனங்களுக்கும் பயன்படும்படி சிஇவிடி என்ற பொறியியல் மையத்தை ஜீலி தொடங்கியது. வோல்வோவோடு சேர்ந்து அங்கே உருவாக்கிய பொதுவான கார் அடித்தளத்தின் மேல்தான் வோல்வோ எக்ஸ்சி40, ஜீலி குழுமத்தின் லிங்க் அண்ட் கோ 01 என்ற இரண்டு கார்களும் பிறந்தன. கோப்புகளை மட்டும் வாங்கி வைத்திருந்தால் இது நடந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

ஆகவே உங்கள் மேலாளரிடம் ஒன்று கேளுங்கள், எழுத்திலேயே கேளுங்கள். அங்கிருந்து இரண்டு பேர் இங்கே வருவதுபோல, இங்கிருந்து இரண்டு பேர் அவர்களுடைய ஆலைக்குப் போய் ஆறு வாரம் இருந்துவிட்டு வரட்டும். கேட்பது ஒரு பக்கம், கொடுப்பது மறுபக்கம் என்றிருந்தால் யாருக்குத்தான் மனம் வரும்? நீங்கள் எழுதிக் கொடுக்கும் ஒவ்வொரு தாளிலும் உங்கள் பெயரும் தேதியும் இருக்கட்டும். வரைபடங்களும் கலவை விவரங்களும் நிறுவனத்தின் சொத்து. கோபத்தில் அவற்றை வீட்டுக்கு எடுத்துப் போய்விடாதீர்கள், சட்டச் சிக்கல் வரும்.

இப்படிச் செய்தால் வேலை நிலைக்கும் என்று என்னால் உறுதி கூற முடியாது. ஆலையை மூடுவதென்று மேலிடம் முடிவெடுத்தால், நீங்கள் மறைத்து வைத்த ரகசியமும் அதைத் தடுக்காது. ஆனால் உங்களிடம் வேலை கற்றவர்கள் இங்கே நான்கு பேர், அங்கே இரண்டு பேர் இருந்தால், உங்கள் அருமை தெரிந்தவர்கள் ஆறு பேர் இருப்பார்கள்.

ஆங்கிலம் சரளமாக வராதே என்று தயங்க வேண்டாம். அவர்களுக்கும் அது தாய்மொழி அல்ல. வருகிற முதல் நாளே மணல் கலக்கும் இடத்துக்கு அழைத்துப் போங்கள். உங்கள் ஆலையின் இளைஞர்கள் இரண்டு பேரையும் கூடவே நிறுத்துங்கள். நால்வர் கையிலும் ஆளுக்கொரு பிடி மணலைக் கொடுத்து, உடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.